சாப்பாட்டுக் கணக்கும் உடல் எடையும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பாடசாலை நினைவுகளைச் சொல்ல இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே நான் வைத்தியராகவே பேசுகிறேன். நாற்பதைத் தாண்டிய நம் பழைய மாணவியர் என்னைக் கண்டதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “டொக்டர், நான் சாப்பிடுறதே கொஞ்சந்தான். காலையில ரெண்டு ரொட்டி, பகலுக்குக் கொஞ்சம் சோறு, ராத்திரிக்கு அதுவும் இல்ல. ஆனாலும் எடை குறையவே மாட்டேங்குது. தைரொயிட் ஏதும் இருக்குமா?”

சிலருக்குத் தைரொயிட் சுரப்பில் குறை இருக்கத்தான் செய்கிறது. அதை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து மருந்து கொடுக்கலாம். ஆனால் பெரும்பாலானோருக்கு முடிவு சரியாகவே வருகிறது. அப்படியானால் எடை ஏன் குறையவில்லை? நாம் சாப்பிடும் அளவு நமக்குத் தெரியாததுதான் காரணம். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நமக்கு இதை விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை. மலையில் கொழுந்து எடுக்கும் பெண்ணிடம், “இன்றைக்கு எத்தனை கிலோ இருக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மதிப்புச் சொல்லுவார். ஆனால் அந்த மதிப்புக்கு யாரும் பேர் போடுவதில்லை. நிறுவைக்குப் போக வேண்டும், தராசில் தொங்க வேண்டும், கூடைக்கும் ஈரத்துக்கும் கழிக்க வேண்டும், கணக்கப்பிள்ளை எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் முழுப்பேரா அரைப்பேரா என்று தெரியும். நூற்றைம்பது வருடமாகக் கொழுந்தை ஒவ்வொரு நாளும் நிறுத்து எழுதிய சமூகம் நாம். நம் வாய்க்குள் போவதை மட்டும் கண்மதிப்பில் விட்டுவிட்டோம்.

கலோரி என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது சத்தும் அல்ல, விஷமும் அல்ல. சாப்பாட்டில் இருக்கும் சக்தியை அளக்கும் அலகு, அவ்வளவுதான். ஒரு கிராம் மாச்சத்திலோ சீனியிலோ 4 கலோரி. ஒரு கிராம் புரதத்திலும் 4. ஒரு கிராம் எண்ணெயில் 9. உடம்பு செலவழிப்பதைவிட அதிகம் உள்ளே போனால் மிச்சம் கொழுப்பாகச் சேரும். குறைவாகப் போனால் சேர்ந்த கொழுப்பு கரையும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது.

இனி, நம் கண்மதிப்பு எவ்வளவு தவறும் என்பதைப் பார்ப்போம். 1992ஆம் ஆண்டு நியூயோர்க்கில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு நாளைக்கு 1,200 கலோரிக்குக் குறைவாகவே சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை குறையவில்லை என்று சொன்ன பத்துப் பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது பேர் பெண்கள். விசேஷமாகத் தயாரித்த நீரைக் குடிக்கக் கொடுத்து, அது உடம்பிலிருந்து வெளியேறும் வேகத்தைக் கொண்டு உண்மையில் எவ்வளவு சக்தி செலவாகிறது என்று கணக்கிட்டார்கள். உடம்பின் எரிப்பில் எந்தக் கோளாறும் இல்லை. அவர்கள் சொன்ன அளவு நாளைக்குச் சுமார் 1,000 கலோரி. உண்மையில் சாப்பிட்டது சுமார் 2,000. செய்த உடற்பயிற்சியையோ பாதி மடங்கு கூட்டிச் சொல்லியிருந்தார்கள்.

இதைக் கேட்டதும், ‘பொய் சொல்லியிருக்கிறார்கள்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பத்து வருடம் கழித்து, 2002இல், உணவியல் நிபுணர்களான பத்துப் பெண்களையும் வேறு தொழில் செய்யும் பத்துப் பெண்களையும் அதே முறையில் சோதித்தார்கள். மற்றப் பெண்கள் நாளைக்கு 400 கலோரிக்கு மேல் குறைத்து எழுதியிருந்தார்கள். சாப்பாட்டுக் கணக்கையே தொழிலாகக் கொண்டவர்களும் 200 கலோரிக்கு மேல் தவறவிட்டிருந்தார்கள். ஆகவே இது நேர்மையைப் பற்றிய விஷயம் அல்ல. மனித ஞாபகம் அப்படித்தான் வேலை செய்கிறது. பீங்கானில் போட்டுச் சாப்பிட்டது நினைவில் நிற்கும். அடுப்படியில் நின்றபடி வாயில் போட்டது நிற்காது.

நம் வீட்டில் அது எங்கே ஒளிந்திருக்கிறது? ஒரு நாளைக் கணக்குப் போடுவோம். காலையில் இரண்டு ரொட்டி. நம்முடைய தேங்காய்ப்பூ போட்ட ரொட்டி ஒன்றுக்கு 75 கிராம் கோதுமை மா, 20 கிராம் தேங்காய்ப்பூ என்று வைத்துக்கொண்டால், மாவில் 270, தேங்காயில் 70, ஆக 340 கலோரி. இரண்டுக்கு 680. தொட்டுக்கொள்ள இரண்டு கரண்டி தேங்காய்ச் சம்பல், சுமார் 100. நாளுக்கு ஐந்து தேத்தண்ணி. ஒவ்வொன்றுக்கும் குவித்து இரண்டு தேக்கரண்டி சீனி. குவித்த தேக்கரண்டியில் 7 கிராம் வரை இருக்கும். மொத்தம் 70 கிராம் சீனி, 280 கலோரி. பகலுக்கு 300 கிராம் சோறு, அது 390. தேங்காய்ப்பால் பருப்பும் எண்ணெயில் தாளித்த ஒரு கறியும் 250. இரவுக்குச் சாப்பாடு இல்லை, மாஜரின் தடவிய நாலு கிறீம் கிரக்கர் மட்டும், அது 200. கூட்டிப் பாருங்கள். 1,900. எண்ணெய்ப் பலகாரம் இல்லை, கலியாண வீடு இல்லை, கொத்து ரொட்டி இல்லை. ‘கொஞ்சந்தான்’ சாப்பிட்ட நாள் இது.

கதிரையில் இருந்து வேலை பார்க்கும் 60 கிலோ பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது சுமார் 1,800 கலோரி. இப்போது விளங்குகிறதா, எடை ஏன் அசையவில்லை என்று?

இந்தச் சாப்பாட்டை நான் குறை சொல்லவில்லை. என் அம்மா கொழுந்து எடுத்தவர். அவரை மலைக்கு அனுப்பியது அந்த ரொட்டிதான். விடிய எழும்பி, செங்குத்தான மலையில் கூடையோடு ஏறி இறங்கி, விறகு சுமந்து, தண்ணீர் எடுத்து, லயத்துக்குத் திரும்பிய பெண்களுக்கு, 45 கிலோ எடைகூட இல்லாத உடம்புக்கே, நாளொன்றுக்கு 2,000 கலோரிக்கு மேல் தேவைப்பட்டது. பலருக்கு அது கிடைக்கவும் இல்லை. அவர்களுடைய மகள்மார் இந்தப் பாடசாலைக்கு வந்தார்கள், படித்தார்கள், ஆசிரியையானார்கள், வங்கியிலும் கந்தோரிலும் அமர்ந்தார்கள், லண்டனிலும் டொரண்டோவிலும் கார் ஓட்டுகிறார்கள். இந்த மாற்றத்துக்காகத்தான் நம் தாய்மார் உழைத்தார்கள். ஆனால் வேலை மாறிய அளவுக்குப் பீங்கான் மாறவில்லை. ரொட்டி அதே கனம், சீனி அதே கரண்டி.

எடை கொஞ்சம் கூடினால் என்ன, வயதுக்கு அது அழகுதானே என்று கேட்பீர்கள். நமக்கு அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. புனேயில் வைத்தியர் யாஜ்னிக்கும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் நகரக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். புனேக் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, ஆங்கிலேயக் குழந்தைக்கு 3.5 கிலோ. அந்த மெலிந்த குழந்தையின் தசை மிகக் குறைவு. கொழுப்பு மட்டும் அவ்வளவு குறையவில்லை. தாய் வயிற்றிலேயே சத்துக் குறைந்து பிறந்தவர்கள் பின்னாளில் எடை கூடும்போது நீரிழிவும் இருதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம் என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன.

நம் கதை இதுதான். 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் நாடு முழுவதிலும் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் 32 சதவீதம். மறுபக்கம், இலங்கையில் வளர்ந்தோரிடையே நீரிழிவு 2005ஆம் ஆண்டளவில் பத்தில் ஒருவருக்கு இருந்தது. 2018, 2019இல் நடந்த ஆய்வில் அது ஏறத்தாழ நாலில் ஒருவர் என்றானது. குறைந்த எடையில் பிறந்து, குறைந்த சத்தில் வளர்ந்து, இன்று வசதியாகச் சாப்பிடும் தலைமுறை நாம். இரண்டு ஆபத்தும் நம்மிடம் சேர்ந்திருக்கின்றன.

அதனால்தான் நமக்கு அளவுகோலும் வேறு. கிளினிக் கொப்பியில் பி.எம்.ஐ. என்று எழுதுவோமே, அந்த உடற்திணிவுச் சுட்டி மேலைநாட்டவருக்கு 25ஐத் தாண்டினால் கூடுதல் எடை. ஆசியர்களுக்கு 23 இலிருந்தே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. இடுப்புச் சுற்றளவு நம் பெண்களுக்கு 80 சென்டிமீற்றரைத் தாண்டக்கூடாது. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கிடக்கும் அளவுநாடா போதும்.

சரி, என்ன செய்யலாம்?

முதலாவது, இரண்டு வாரம் எழுதுங்கள். எதையும் குறைக்க வேண்டாம், மாற்ற வேண்டாம், எழுத மட்டும் செய்யுங்கள். ஒரு சிறிய கொப்பி போதும், தொலைபேசிச் செயலிதான் வேண்டும் என்றில்லை. சாப்பிட்ட பிறகு அல்ல, சாப்பிடும் முன் எழுதுங்கள். ருசி பார்த்த கறி, பிள்ளை மிச்சம் வைத்த பாண் துண்டு, பஸ்ஸில் கொறித்த கச்சான் எல்லாம் கணக்கில் வர வேண்டும். ஒரு கையளவு, 50 கிராம் கச்சானில் 280 கலோரிக்குக் குறையாது. அமெரிக்காவில் சுமார் 1,700 பேர் பங்குபற்றி 2008இல் வெளியான ஆய்வில், வாரத்தில் ஆறு ஏழு நாள் எழுதியவர்களுக்கு, எழுதாதவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு எடை குறைந்தது. எழுதப் போகிறோம் என்று தெரிந்தாலே கை கொஞ்சம் தயங்கும்.

இரண்டாவது, சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். எல்லாவற்றையும் ஆயுள் முழுக்க நிறுக்க வேண்டியதில்லை. சோறு, ரொட்டி மா, சீனி, எண்ணெய், தேங்காய் ஆகிய ஐந்தையும் இரண்டு வாரம் நிறுத்தால் கண் பழகிவிடும். கறியை எப்படி நிறுப்பது என்று கேட்பீர்கள். சட்டியில் போடும் முன் பருப்பையும் தேங்காயையும் எண்ணெயையும் நிறுத்து எழுதுங்கள். மொத்தத்தை எத்தனை பேர் சாப்பிட்டீர்களோ அத்தனையாகப் பிரியுங்கள். செயலியில் ‘பருப்புக்கறி ஒரு கிண்ணம்’ என்று போட்டால் அது ஒரு எண்ணைக் காட்டும். அது யாரோ ஒருவர் வீட்டுப் பருப்பு. உங்கள் வீட்டுச் சட்டியில் விழுந்த தேங்காய் அதற்குத் தெரியாது. சோற்றிலும் கவனம் வேண்டும். 100 கிராம் அரிசியில் 350 கலோரி, 100 கிராம் சோற்றில் 130. அரிசியாக நிறுத்தீர்களா, சோறாக நிறுத்தீர்களா என்று எழுதாவிட்டால் கணக்கே தலைகீழாகிவிடும்.

மூன்றாவது, தராசே பிடிக்காது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. மாதச் சாமான் துண்டை எடுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மாதத்துக்கு 5 கிலோ சீனி முடிகிறதென்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு 40 கிராமுக்கு மேல். கலோரியில் 165க்கு மேல். 750 மில்லிலீற்றர் எண்ணெய் நாலு போத்தல் முடிந்தால் ஆளுக்கு நாளைக்கு 200 கலோரி. இந்த இரண்டிலிருந்து மட்டும் 370 வந்துவிட்டது, இன்னும் சோற்றுக்கே வரவில்லை. தாங்கள் குடிக்கும் தேத்தண்ணி எத்தனை என்று மறந்தவர்களுக்கும் கடைத் துண்டு மறக்காது.

எழுதிய கொப்பியைப் பார்த்தால், எங்கே கை வைக்கலாம் என்று தானாகவே தெரியும். முன்பு சொன்ன நாளையே எடுப்போம். இரண்டு ரொட்டியில் ஒன்றை விட்டு அவித்த முட்டை ஒன்று சேர்த்தால் 265 கலோரி மிச்சம், பசியும் அடங்கும். தேத்தண்ணிக்குத் தலைதட்டி ஒரு தேக்கரண்டி சீனி என்று குறைத்தால் 200 மிச்சம். வேறு எதையும் தொடவில்லை, 460 கலோரி குறைந்துவிட்டது. முதல் மாதங்களில் மாதத்துக்கு ஒன்றரை கிலோ அளவில் இறங்கும். பகல் சோற்றில் கால் பங்கை எடுத்துவிட்டு, நம் மண்ணில் விளையும் கோவாவும் லீக்ஸும் கீரையும் அந்த இடத்தை நிரப்பட்டும். பருப்பு, கௌபி, நெத்தலி, முட்டை ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும். புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரைந்துவிடும். நம்மிடம் தசை ஏற்கனவே குறைவு.

நடக்கிறேனே, போதாதா என்றும் கேட்பார்கள். நடையை விடாதீர்கள். சீனிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மனதுக்கும் அது மருந்து. ஆனால் 60 கிலோ பெண் சமதரையில் ஒரு மணித்தியாலம் நடந்தால் செலவாவது சுமார் 200 கலோரி. வீட்டுக்கு வந்து மாஜரின் தடவிய நாலு கிரக்கரைச் சாப்பிட்டால் அது சரியாகிவிடும். எடையைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கு வாய்க்குத்தான்.

இன்னும் இரண்டு விஷயம். உடல் எடை ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்கும். அது தண்ணீர். ஆகவே காலையில் ஒரே நேரத்தில் பார்த்து, வாரச் சராசரியை எழுதுங்கள். அடுத்தது, சில மாதங்களில் எடை இறங்குவது நின்றுவிடும். மெலிந்த உடம்புக்குச் செலவு குறைவு, பசியும் கூடும், எழுதும் பழக்கமும் தளரும். அப்போது மனம் உடையாமல் மறுபடியும் இரண்டு வாரம் நிறுத்து எழுதுங்கள். பலருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வளரும் பிள்ளைகளும் எடை குறைக்கும் கணக்கில் இறங்கக்கூடாது. இன்சுலினோ சீனி குறைக்கும் மாத்திரையோ பாவிப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைத்தால் சீனி திடீரென இறங்கி மயக்கம் வரும். இன்றும் மலையில் கொழுந்து எடுக்கும் மெலிந்த சகோதரிக்கு நான் சொல்வது இதற்கு நேர்மாறானது. எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடாதீர்கள், முட்டையும் பருப்பும் உங்கள் பங்கிலும் வர வேண்டும். கணக்கு எழுதினால் அவருடைய பற்றாக்குறையும் வெளியே வரும். எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடவே பயப்படும் நிலைக்கு ஒரு பிள்ளை வந்தால், கொப்பியை மூடிவைத்துவிட்டு உடனே உதவி தேடுங்கள்.

நம் பெரியவர்களுக்குச் சாப்பாட்டை அளப்பது பிடிக்காது. ‘உண்பதை எண்ணாதே’ என்பார்கள். அதற்கு நியாயமான காரணம் உண்டு. கொத்துக் கணக்கில் அரிசியும் மாவும் அளந்து கொடுக்கப்பட்ட வாழ்க்கை அவர்களுடையது. 1973, 74இல் அந்த அளவும் வெட்டப்பட்டுத் தோட்டங்கள் பட்டினி கிடந்ததைக் கண்டவர்கள் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். தட்டு நிறையப் போடுவது அவர்கள் அன்பின் பாஷை. அந்த அன்பை மறுக்க வேண்டாம். பாட்டி போடும் இரண்டாவது ரொட்டியை இரவுக்கு எடுத்துவைத்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம். அன்று நம்மை அளந்தவர்கள் வேறு ஆட்கள். இன்று அளப்பது நாம், நம் கையால், நம் உடம்புக்காக.

கடைசியாக, வந்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போய் இந்த வாரத்துக்குள் இடுப்பை அளந்து பாருங்கள். 80ஐத் தாண்டியிருந்தாலோ வயது 35ஐக் கடந்திருந்தாலோ, வெறும் வயிற்றில் ஒரு முறை இரத்தத்தில் சீனி பாருங்கள். அரச வைத்தியசாலைகளில் இதற்கென்றே ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் இருக்கின்றன, பணம் கட்டத் தேவையில்லை. தனியாகப் போக வெட்கமாக இருந்தால் உங்கள் வகுப்பில் படித்த ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டுப்பாடத்தை ஒன்றாகச் செய்து பழகியவர்கள்தானே நாம்.